மென்பொருள் ஆக்கத்தில் பயனர் தேவையறிதல்: ஜொகூர்த் தமிழ்ப்பள்ளிச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மென்பொருள் ஒன்றை உருவாக்கும் பணி நிரல் எழுதுவதில் தொடங்குகிறது என்னும் எண்ணம் பலரிடையே நிலவுகிறது. உண்மையில் அப்பணி, அம்மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறவர் யார், அவர் செய்யும் வேலை யாது, அவ்வேலையில் அவருக்குத் தடையாக இருப்பது எது என்னும் வினாக்களில் தொடங்குகிறது. இவ்வினாக்களுக்கு விடை காணும் முயற்சியே மென்பொருள் பொறியியலில் தேவையறிதல் எனப்படுகிறது. எதைக் கட்டுவது என்று துல்லியமாக முடிவு செய்வதே மென்பொருள் ஆக்கத்தில் மிகக் கடினமான பகுதி என்று அமெரிக்கக் கணினியியல் அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1986ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் அக்கருத்தின் வலிமை குறையவில்லை.

இத்துறை கணினியியலார்க்கு மட்டுமே உரியது என்று தமிழாசிரியர்களும் ஆய்வாளர்களும் ஒதுங்கி நிற்பதைக் காண்கிறோம். ஆயினும், தமிழர் பெயர், தமிழ் எழுத்து, தமிழ்ப்பள்ளியின் அன்றாட நடைமுறை ஆகியவை மென்பொருளுக்குள் செல்லும்போது, அவற்றைப் பற்றிய அறிவு நிரலரிடம் இருப்பதில்லை; நம்மிடமே உள்ளது. அவ்வறிவு உரிய காலத்தில் சென்று சேராதபோது என்ன நிகழ்கிறது, சேர்ப்பதற்குரிய வழிகள் யாவை என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. ஜொகூர் மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றிற்கு மாணவர் பதிவேட்டு மென்பொருள் ஒன்றை உருவாக்குவதாகக் கற்பனை செய்துகொண்டு, அதன்வழி இதனை ஆராய்வோம். பள்ளி கற்பனையே எனினும், அங்கு எழும் சிக்கல்கள் அனைத்தும் மெய்யானவை.

கோரிக்கையும் தேவையும்

பயனர் வாய்திறந்து கேட்பது கோரிக்கை. அவர் வேலை நிறைவேறுவதற்கு இன்றியமையாதது தேவை. இவ்விரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ‘வருகைப் பட்டியலை அச்சிடுவதற்கு ஒரு பொத்தான் வேண்டும்’ என்று வகுப்பாசிரியர் கேட்கிறார் எனக் கொள்வோம். அச்சிட்ட தாளை அவர் என்ன செய்கிறார் என்று வினவினால், அத்தாளைப் பார்த்து அலுவலக எழுத்தர் அதே எண்களை வேறொரு படிவத்தில் மீண்டும் தட்டெழுதுகிறார் என்பது தெரிய வரலாம். அவ்வாறாயின், அச்சுப் பொத்தான் ஒரு தீர்வு மட்டுமே. அதுவும் நிறைவான தீர்வன்று. ஒருமுறை பதிந்த எண்ணை மறுமுறை பதிய நேராமல் இருப்பதே அங்குள்ள தேவை.

தேவைகளை மூவகைப்படுத்திக் காண்பது மரபு. மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பது செயல்சார் தேவை. எவ்வளவு விரைவாக, எவ்வளவு நம்பகமாக, எத்தகைய எளிமையோடு செய்ய வேண்டும் என்பது தன்மைசார் தேவை. சட்டம், செலவு, இருக்கின்ற கருவிகள் ஆகியவற்றால் அமையும் எல்லைகள் கட்டுப்பாடுகள் எனப்படும். வருகையைப் பதிவது முதல் வகை. நாற்பது மாணவர் கொண்ட வகுப்பின் வருகையை மூன்று நிமிடத்திற்குள் பதிய இயல்வது இரண்டாம் வகை. பள்ளியில் உள்ள பழைய கணினியிலேயே அது இயங்க வேண்டும் என்பது மூன்றாம் வகை.

தமிழ் மரபுக்கு இச்சிந்தனை புதியதன்று. ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் கூற வேண்டியவற்றை நன்னூல் பட்டியலிடுகிறது. ஆக்கியோன் பெயர், நூற்பெயர், நுதலிய பொருள் முதலியவற்றோடு கேட்போரும் பயனும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. நூல் யாருக்காக, அவர் அதனால் அடையும் பயன் யாது என்னும் இரு வினாக்களுக்கு நூலின் வாயிலிலேயே விடை கூற வேண்டும் என்பது இலக்கண ஆசிரியர் கொள்கை. மென்பொருளின் தேவை ஆவணம் செய்யும் பணியும் இதுவே.

பெயர்ப் பெட்டியில் ஒளிந்திருக்கும் சிக்கல்

மாணவர் பதிவேட்டின் முதற்பகுதி பெயர். வெளிநாட்டு மாதிரிகளைப் பின்பற்றும் மென்பொருள்கள் பலவற்றில் இதற்கு இரண்டு பெட்டிகள் இருக்கும்: ஒன்று முதற்பெயர், மற்றொன்று குடும்பப் பெயர். மலேசிய இந்தியரின் பெயர் இவ்வச்சில் அடங்குவதில்லை. கவிதா என்னும் மாணவியின் தந்தை முருகன் எனில், அவளுடைய அடையாள ஆவணத்தில் ‘கவிதா ஏ/பி முருகன்’ என்றே பதிவாகும். மகன் எனில் ‘ஏ/எல்’ வரும். இவை முறையே ‘அனாக் பெரெம்புவான்’, ‘அனாக் லெலாக்கி’ என்னும் மலாய்த் தொடர்களின் சுருக்கங்கள். முருகன் என்பது குடும்பப் பெயரன்று. தந்தையின் சொந்தப் பெயர். அதனைக் குடும்பப் பெயர்ப் பெட்டியில் இட்டால், மகளுக்கு அனுப்பப்படும் கடிதம் தந்தையை விளித்துத் தொடங்கும். மலாய்க்காரர் பெயரில் ‘பின்’, ‘பிந்தி’ என்பவற்றின் பின் வருவதும் தந்தை பெயரே ஆதலின், முழுப் பெயரையும் ஒரே பெட்டியில் எழுதும் முறை இந்நாட்டிற்குப் பொருந்துவதாகும்.

இடையில் வரும் சாய்கோடு மற்றொரு சிக்கலைத் தருகிறது. கணினிக்குச் சாய்கோடு பிரிப்புக் குறியாகும். விண்டோஸ் இயங்குதளத்தில் கோப்பின் பெயரில் அக்குறி இடம்பெற இயலாது. ஆகவே மாணவரின் பெயரையே கோப்பின் பெயராகக் கொண்டு நற்சான்றிதழைச் சேமிக்க முயலும் மென்பொருள், தமிழ்ப்பள்ளியில் ஏறக்குறைய ஒவ்வொரு மாணவரிடமும் தடுமாறும். விமான முன்பதிவு முறைகளில் குடும்பப் பெயரையும் இடுபெயரையும் பிரிப்பதற்கே சாய்கோடு வழங்குகிறது. அனைத்துலகக் குடிமை வான்போக்குவரத்து நிறுவனத்தின் விதிப்படி, கடப்பிதழின் அடியில் பொறி படிக்கும் வரிகளில் இலத்தீன் பெரிய எழுத்துகள், எண்கள், ஒரு நிரப்புக் குறி ஆகியவற்றுக்கே இடமுண்டு, சாய்கோட்டுக்கு இடமில்லை. அக்கரையில் சிங்கப்பூர் இந்தியர் பலர் இதே உறவைக் குறிக்க ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்னும் ஆங்கிலச் சுருக்கங்களைக் கையாள்கின்றனர். ஒரே உறவு முறை இரு நாடுகளில் இரு வடிவம் பெறுகிறது.

எழுத்துக்கூட்டலும் கருதத்தக்கது. இலட்சுமி என்னும் ஒரே பெயர் ரூமி எழுத்தில் பல வடிவங்களில் பதிவாகியுள்ளது. பதிவு செய்த எழுத்தர் காதில் விழுந்தவாறே எழுதியது, பின்னர் அப்பெயருக்குரியவரின் சட்டபூர்வ அடையாளமாக நிலைத்துவிட்டது. ஆகவே மென்பொருள் அதனைத் ‘திருத்த’ முற்படலாகாது. ஆவணத்தில் உள்ளவாறு ரூமி வடிவத்தையும், மாணவர் தமிழில் எழுதும் வடிவத்தையும் தனித்தனியே காத்து, எதனைக் கொண்டு தேடினாலும் கண்டறிய வழி செய்ய வேண்டும். இத்தேவையை எந்தத் தலைமையாசிரியரும் கூட்டத்தில் எடுத்துரைப்பதில்லை. அவருக்கு இது சொல்ல வேண்டாத அளவு வெளிப்படையானது. நிரலருக்கோ கேட்கத் தோன்றாத அளவு புதியது. தேவையறிதலில் நேரும் இழப்புகளுள் பெரும்பாலானவை இவ்விடைவெளியில் நேர்கின்றன.

இடமும் காலமும் தரும் தேவைகள்

தொடர்பு எண் என்னும் சிறு பகுதியை அடுத்து நோக்குவோம். மலேசியக் கைத்தொலைபேசி எண் 01 எனத் தொடங்கிப் பத்து அல்லது பதினொரு இலக்கம் கொண்டது. அவ்வமைப்பில் இல்லாத எண்ணை ஏற்காதவாறு நிரலர் கட்டுப்பாடு விதிப்பது இயல்பு. ஆயினும், ஜொகூர் பாரு வட்டாரத்தில் பெற்றோர் பலர் விடியுமுன்னரே பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். பகலில் அவர்களை எட்டும் எண் +65 எனத் தொடங்கி எட்டு இலக்கம் கொண்ட சிங்கப்பூர் எண்ணாக இருக்கலாம். அதனை ஏற்க மறுக்கும் மென்பொருள், குழந்தை காய்ச்சலில் படுத்திருக்கும் வேளையில் பெற்றோரை எட்ட இயலாத நிலைக்கு ஆசிரியரைத் தள்ளும். அன்றியும், பகலில் குழந்தையை அழைத்துச் செல்ல வருபவர் பாட்டியாகவோ அண்டை வீட்டாராகவோ இருக்கலாம். ‘தந்தை’, ‘தாய்’ என்னும் இரு பெட்டிகள் போதுமானவை அல்ல. ‘முதலில் அழைக்க வேண்டியவர்’ என்னும் பெட்டியே உண்மைத் தேவையை நிறைவு செய்யும்.

வார விடுமுறை இதனினும் நுட்பமான எடுத்துக்காட்டு. ஜொகூரில் 2014ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு வெள்ளியும் சனியும் வார விடுமுறை நாள்களாயின. 2025ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு மீண்டும் சனியும் ஞாயிறும் விடுமுறை நாள்களாயின. கோலாலம்பூரை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட வருகைப் பதிவேடு, இடைப்பட்ட பதினோர் ஆண்டுகளில் ஜொகூர்ப் பள்ளியின் ஞாயிற்றுக்கிழமையை விடுமுறை எனக் காட்டியிருக்கும். ஜொகூருக்கெனத் தனியே வெள்ளி, சனி என்று நிரலுக்குள் எழுதி வைத்த பதிவேடு 2025இல் பிழைபட்டிருக்கும். விடுமுறை நாள்களைப் பள்ளியே மாற்றியமைக்க இயல வேண்டும் என்பது முதல் தேவை. அம்மாற்றம் எந்நாள் முதல் செல்லும் என்பதும் பதிவாக வேண்டும் என்பது இரண்டாவது. இல்லையேல், 2024ஆம் ஆண்டின் வருகை விழுக்காட்டை இன்று கணக்கிடும்போது, மாணவர் முறையாக வந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகள் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

இதிலிருந்து ஒரு பொது விதியைப் பெறலாம். பயனர் ‘எப்போதும்’ என்று கூறும் இடங்களில் எல்லாம், ‘இது எப்போதாவது மாறியதுண்டா, யார் மாற்றினார்’ என்று வினவுதல் வேண்டும்.

எழுத்தும் இலக்கணமும்

தமிழாசிரியரின் அறிவு நேரடியாகத் தேவைப்படும் இடம் எழுத்து. ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் உயிர்மெய் எழுத்துகள் தனித்தனியே இடம்பெறவில்லை. மெய்யின் அகர வடிவத்தோடு உயிர்க்குறியோ புள்ளியோ சேர்ந்து அவை உருவாகின்றன. ஆகவே ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஐந்து குறியீடுகள். ‘கிருஷ்ணமூர்த்தி’ நம் கணக்கில் எட்டெழுத்து. கணினியின் கணக்கில் பதினைந்து. பெயருக்குப் பத்து எழுத்து போதும் என்று ஆசிரியர் கூற, நிரலர் பத்துக் குறியீடுகளுக்கு இடம் ஒதுக்கினால், பெயர் நடுவில் அறுபடும். இருவரும் ‘எழுத்து’ என்னும் ஒரே சொல்லையே ஆண்டனர். ஆயினும் பொருள் வேறு. சொற்களின் பொருளை முதலிலேயே வரையறுத்து ஒரு சொல்லடைவு தயாரித்தல் தேவையறிதலின் அடிப்படைப் பணி என்பது இதனால் விளங்கும்.

அகர வரிசையும் அவ்வாறே. ஒருங்குறி அட்டவணையில் சகரத்தை அடுத்து ஜகரமும், நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் அமைந்துள்ளன. அவ்வரிசையிலேயே பெயர்களை அடுக்கினால் ‘ஜானகி’ என்பவள் ‘ஞானம்’ என்பவருக்கு முன் வருவாள். புள்ளி அட்டவணையின் பிற்பகுதியில் இருப்பதால் ‘அகம்’ முன்னும் ‘அக்கா’ பின்னும் வரும். நம் அகராதி மரபோ இதற்கு நேர்மாறானது. மரபு வரிசையில் அடுக்கும் நெறிமுறைகள் இன்று கணினியில் உள்ளன. ஆயினும், வேண்டும் என்று தேவை ஆவணத்தில் எழுதப்பட்டாலன்றி அவை பயன்பாட்டுக்கு வருவது உறுதியில்லை.

தேவையை நன்கு அறிந்து செய்த ஆக்கத்திற்கும் தமிழில் எடுத்துக்காட்டு உண்டு. 1999ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஆய்தம் ஆகிய 31 விசைகளைக் கொண்டு 247 எழுத்துகளையும் பெறலாம். ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரத்தில் புள்ளி தானே விழுந்து ‘க்க’ ஆகிறது. ஙகரத்தின் பின் ககரமோ, நகரத்தின் பின் தகரமோ தட்டினாலும் அவ்வாறே ‘ங்க’, ‘ந்த’ என அமைகின்றன. இன எழுத்துகளும் இரட்டித்த மெய்யும் தமிழில் மிகுதியாக வரும் என்னும் இலக்கண அறிவே இங்கு உழைப்பைக் குறைக்கிறது. அதே வேளையில், தட்டச்சுப் பொறியில் பழகியோருக்கும், ரூமி எழுத்தின் ஒலிப்பைக் கொண்டு எழுதப் பழகியோருக்கும் இவ்விசைப்பலகை இயல்பாக அமைவதில்லை. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் ஒன்றுக்கு மேற்பட்ட விசைமுகங்களைத் தருவதன் காரணம் இதுவே. பயனர் என்பவர் ஒருவரல்லர், பல குழுவினர்.

தேவையறியும் வழிகள்

முதல் வழி நேர்காணல். இதில் ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்னும் வினா மிகக் குறைந்த பயனே தரும். ‘சென்ற வாரம் ஒரு மாணவர் பள்ளி மாறிச் சென்றபோது என்னென்ன செய்தீர்கள்’ என்பது போன்று, நடந்து முடிந்த ஒரு நிகழ்வை வரிசையாகக் கூறச் செய்தல் வேண்டும். பொதுக் கருத்தில் மறைந்துவிடும் விதிவிலக்குகள், குறிப்பிட்ட நிகழ்வைக் கூறும்போது வெளிப்படும்.

இரண்டாவது உற்றுநோக்கல். பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகள், கணினித் திரையில் ஒட்டிய சிறு தாள்கள், ஆசிரியர் தம் வசம் வைத்திருக்கும் தனிக் குறிப்பேடு ஆகியவற்றை அருமையான சான்றுகளாகக் கொள்ளலாம். அதிகாரப் படிவத்தில் இடமின்றிப் போன தேவைகளே அங்குக் குடியேறியிருக்கின்றன.

மூன்றாவது மாதிரி காட்டல். ஸ்காண்டிநேவிய நாடுகளில் 1981ஆம் ஆண்டு தொடங்கிய யுத்தோப்பியா என்னும் ஆய்வுத் திட்டத்தில், செய்தித்தாள் அச்சுத் தொழிலாளர்கள் தங்களுக்கு வரவிருந்த கணினிக் கருவிகளை வடிவமைப்பதில் பங்கேற்றனர். அதுவரை கண்டிராத கருவியைப் பற்றி அவர்களால் சொற்களால் பேச இயலாதபோது, அட்டைப் பெட்டிகளைக் கணினியாகவும் அச்சுப் பொறியாகவும் பாவித்து வேலை செய்து பார்த்தனர். நம் பள்ளிக்கும் தாளில் வரைந்த திரைப்படங்கள் சில போதுமானவை. வகுப்பாசிரியர் விரலால் தொட்டுத் தொட்டு வருகையைப் ‘பதியும்’ போது, எங்குத் தயங்குகிறார் என்பதை உடனிருப்பவர் குறித்துக்கொள்ளலாம்.

இவ்வழிகள் எவற்றிலும் யாரைக் கேட்கிறோம் என்பது முதன்மையானது. தலைமையாசிரியர் முன்னிலையில் இளம் ஆசிரியர் மாற்றுக் கருத்துக் கூறத் தயங்குவது நம் பண்பாட்டில் இயல்பு. அலுவலக எழுத்தர் கூட்டத்திற்கே அழைக்கப்படாமல் போகலாம். ஆகவே கூட்டத்தில் கேட்டதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு தரப்பினரையும் அவரவர் பணியிடத்தில் தனித்தனியே காண்பது நன்று. தேவைகள் ஒன்றோடொன்று முரண்படுமாயின், எது இன்றியமையாதது, எது விரும்பத்தக்கது, எது பிறிதொரு காலத்திற்கு உரியது என்று அனைவரும் அறிய வரிசைப்படுத்துதல் வேண்டும்.

எழுதி உறுதிசெய்தல்

அறிந்த தேவை எழுத்தில் இடம்பெற வேண்டும். எழுதியது சோதித்துப் பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். ‘மென்பொருள் தமிழுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும்’ என்பது நல்ல விருப்பம். ஆயினும், நிறைவேறியதா என்று எவராலும் சோதிக்க இயலாது. ‘தமிழில் உள்ளிட்ட மாணவர் பெயர்கள், கிரந்த எழுத்துகள் இறுதியில் வருமாறு, தமிழ் அகராதி வரிசையில் அடுக்கப்பட வேண்டும்’ என்பது தேவை. இருபது பெயர்களை உள்ளிட்டு இதனைச் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். ஒவ்வொரு தேவைக்கும் ஓர் எண், அதனைக் கூறியவர் யார் என்னும் குறிப்பு, அது ஏன் வேண்டும் என்னும் ஒருவரிக் காரணம் ஆகியவை உடனிருத்தல் நலம். காரணம் எழுதப்படாத தேவை, செலவைக் குறைக்கும் நாளில் முதலில் நீக்கப்படும்.

பெருந்திட்டம் தரும் படிப்பினை

இவை சிறு பள்ளிக்குரிய நுணுக்கங்கள் என்று தள்ளிவிட இயலாது. மலேசியக் கல்வி அமைச்சின் 1பெஸ்தாரிநெட் திட்டம் நாடு முழுவதும் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைய வசதியையும், பிரிட்டனில் உருவான ஃபுரோக் என்னும் மெய்நிகர் கற்றல் தளத்தையும் வழங்கியது. தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டறிக்கை, அத்தளத்தை ஆசிரியர், மாணவர், பெற்றோர் பயன்படுத்தும் அளவு 0.01 முதல் 4.69 விழுக்காடு வரையே இருந்ததாகச் சுட்டியது. 2019ஆம் ஆண்டு அத்திட்டம் முடிவுற்றது. இத்தகைய பெருந்திட்டத்தின் குறைந்த பயன்பாட்டிற்கு ஒரே காரணம் கூறுதல் பொருந்தாது. ஆயினும் ஒன்று தெளிவு: கருவியை எத்தனை பள்ளிகளுக்கு வழங்கினோம் என்பது ஓர் அளவு, அக்கருவி ஆசிரியரின் ஒரு நாளில் எந்த வேலையை எளிதாக்கியது என்பது வேறோர் அளவு. தேவையறிதல் இரண்டாவது அளவைத் தொடக்கத்திலேயே வினவும் துறையாகும்.

முடிவுரை

தமிழ் மென்பொருள் ஆக்கத்தில் தமிழறிந்தோர் பெரும்பாலும் இறுதிக் கட்டத்திலேயே அழைக்கப்படுகின்றனர். திரையில் உள்ள சொற்களை மொழிபெயர்ப்பதும் எழுத்துப் பிழை பார்ப்பதுமே அவர்தம் பணி எனக் கருதப்படுகிறது. அதற்குள் பெயர்ப் பெட்டி இரண்டாகப் பிரிந்திருக்கும், எழுத்தெண்ணிக்கை முடிவாகியிருக்கும், வரிசை முறை நிலைத்திருக்கும். அவற்றைப் பின்னர் மாற்றுவது செலவு மிக்கது என்பதால், மாற்ற இயலாது என்னும் விடையே கிடைக்கும். அவ்விடையின் விலையை நிரலர் கொடுப்பதில்லை. சான்றிதழில் பெயர் அறுபட்ட மாணவரும், ஒரே தரவை இருமுறை எழுதும் ஆசிரியரும் கொடுக்கின்றனர்.

இந்நிலை மாறுவதற்குப் பெரும் ஏற்பாடுகள் வேண்டுவதில்லை. தம் பள்ளியின் பெயர் வழக்குகள், விதிவிலக்குகள், ஓரக் குறிப்புகள் ஆகியவற்றை ஒவ்வொரு பள்ளியும் இரண்டு பக்கங்களில் தொகுத்து வைத்தால், அடுத்து எந்த மென்பொருள் வந்தாலும் முதற்கூட்டத்திலேயே அதனை முன்வைக்கலாம். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் அத்தொகுப்புகளை ஒப்புநோக்கிப் பொதுவான தேவைப் பட்டியலாக்கலாம். கணினித் துறை மாணவர்க்கு அது நல்ல ஆய்வுக் களமாகவும் அமையும். கேட்போரையும் பயனையும் பாயிரத்திலேயே கூறுமாறு பணித்த மரபுக்கு உரியோர், மென்பொருளுக்கும் அதனைக் கோருவது முறையே ஆகும்.